கையில் தராத அக்கா

பேனை கேட்டால் நீட்டுவார்கள். அதுதான் ஊர் வழக்கம். அக்காவிடம் கேட்டால் மேசையில் வைப்பார். வைத்துவிட்டுத் தன் கையை மடிக்கு இழுத்துக்கொள்வார். நான் எடுக்கும்வரை என் விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பார். எடுத்த பிறகும் விடமாட்டார். எங்கள் பக்கத்தில் இளையவளையும் 'கா' போட்டுத்தான் கூப்பிடுவது.

"எடுத்திட்டயா கா?"

"கண்ணால பாத்துக்கொண்டுதானே இரிக்கிங்க. எடுத்திட்டன்."

அதைக் கேட்ட பிறகுதான் அவருடைய பார்வை தன் வேலைக்குத் திரும்பும். ஒரு பேனைக்கு இவ்வளவு சடங்கு. தேத்தண்ணிக்கும் அப்படித்தான், அலுமாரித் திறப்புக்கும் அப்படித்தான், கடையில் வாங்கிவந்த பணிஸுக்கும் அப்படித்தான்.

எனக்குப் பொறுமை பிறவியிலேயே கொஞ்சம் குறைவு. 'ஆறின கஞ்சி பழங்கஞ்சி' என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். ஒன்றைச் செய்வதென்றால் உடனே செய்ய வேண்டும், கொடுப்பதென்றால் உடனே கொடுக்க வேண்டும். அப்படிப்பட்ட என்னைக் கொண்டுபோய் அக்காவுக்கு எதிர் மேசையில் இருத்தியது யாருடைய சூழ்ச்சி என்று முதல் மாதம் முழுவதும் யோசித்தேன்.

எங்கள் அலுவலகம் புளியந்தீவில், ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில் இருந்தது. வாவிக்கு மேற்கே படுவான்கரையிலும் வடக்கே கதிரவெளிப் பக்கத்திலும் வெள்ளாமை செய்கிறவர்களின் சங்கங்கள் பல சேர்ந்து நடத்திய சின்ன அலுவலகம். நானும் அக்காவும்தான் முழுநேர ஊழியர்கள். விறாந்தையில் ஒரு நீள வாங்கு கிடந்தது. பழைய பாலைமரம். வருகிற கமக்காரர்கள் அதன் ஒரு நுனியில் வந்து குந்துவார்கள், முன்னால் இருப்பவர் எழும்பி உள்ளே போகப் போக மெல்ல மெல்ல நகர்ந்து மற்ற நுனிக்கு வருவார்கள். நகர்ந்து நகர்ந்து நடுப்பகுதி கண்ணாடிபோல் வழுவழுத்துக் கிடந்தது.

உப்பையும் மிளகாயையும் ஊசியையும் கையில் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் சண்டை வரும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். கீழே வைத்தால் மற்றவர் எடுத்துக்கொள்வார். கத்தரிக்கோலையும் சில வீடுகளில் அந்தக் கணக்கில் சேர்ப்பார்கள். அக்கா உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன்.

"நம்மளுக்க சண்டை வந்திரும் எண்டு பயமா அக்கா?" என்று ஒருநாள் சீண்டினேன்.

"உன்னோட சண்டைக்கு உப்பு வேற வேணுமா கா?" என்றார். சிரிக்கவில்லை. ஆனால் அன்று எனக்கு வைத்த தேத்தண்ணியில் சீனி கூட இருந்தது.

இந்தப் பழக்கத்துக்கு ஆளுக்கொரு விளக்கம் வைத்திருந்தார்கள். ஓட்டமாவடியிலிருந்து பசளை வியாபாரத்துக்காக வருகிற நானா ஒருவர் இருந்தார். வெள்ளைத் தொப்பி, நரைத்த தாடி, வாய் ஓயாத மனிதர். அக்கா கடுதாசிகளை மேசையில் வைப்பதைப் பார்த்து அவருக்கு ஒரே சந்தோசம். "பொம்புள எண்டா இப்பிடித்தான் அடக்கமா இரிக்கணும். அந்நிய ஆம்புளட கையில படாம எவ்வளவு பேணுதல் பாத்திங்களா?" என்று என்னிடம் சொன்னார். எனக்கும் அவர் அப்படித்தான் செய்கிறார், நான் ஆம்பிளையா என்று கேட்டேன். நானா தாடியைத் தடவிக்கொண்டு வேறு கதைக்குப் போய்விட்டார்.

எல்லாரும் நானாவைப் போல் நல்ல அர்த்தம் எடுக்கவில்லை. ஒவ்வொரு வட்டைக்கும், அதாவது சேர்ந்து கிடக்கும் வயல் நிலத்துக்கு, தண்ணீர் பங்கிடவும் காவல் பார்க்கவும் ஒரு வட்டவிதானை இருப்பார். படுவான்கரையிலிருந்து அப்படி ஒருவர் வந்தார். கட்டுமஸ்தான, கோபக்கார மனிதர். அவர் கையை நீட்டிக்கொண்டு நிற்க, அக்கா விதைநெல் எடுக்கும் துண்டுச் சீட்டை மேசையில் வைத்தார். அவர் எடுக்கவில்லை. நீட்டிய கை அப்படியே நின்றது. வாங்கில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"ஏன், என்ட கையில தந்தா ஒட்டிருமா?"

அந்தக் கேள்வியின் அடியில் என்ன கிடக்கிறதென்று அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். யார் வீட்டுக் கிணற்றில் யார் அள்ளலாம் என்று பார்த்த காலத்தின் மிச்சம் அது. அக்கா, தயவுசெய்து அதை எடுத்துக் கையில் கொடுத்துவிடுங்கள் என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

அக்கா எழும்பி நின்றார். "உங்கட கையில ஒரு குறையும் இல்ல அண்ணன். குறை என்ட கையிலதான்" என்றார். துண்டை மட்டும் தொடவில்லை.

வட்டவிதானை அதைப் பறித்து எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு வரும்போதெல்லாம் தன் கடுதாசிகளை அக்காவின் மேசையில் படாரென்று அடித்து வைத்துவிட்டு, "எடுத்தாச்சா?" என்று அவருடைய குரலிலேயே கேட்பார். அக்கா அமைதியாக, "எடுத்திட்டன் அண்ணன்" என்பார். அந்த மனிதருக்கு அது இன்னும் எரிச்சல். தனக்கு வேண்டிய விசயங்களுக்கு என்னுடைய போனுக்குத்தான் எடுப்பார்.

எனக்கும் ஒருநாள் நன்றாகக் கொதித்தது. மகள் பிறந்து, விடுமுறை முடிவதற்கு முன் அவளைத் தூக்கிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். நானா வாங்கி ஓதி ஊதினார். கீழே மருந்துக்கடைப் பெண்கள் ஓடிவந்து கைமாற்றிக் கொஞ்சினார்கள். அக்காவிடம் நீட்டினேன். அவர் இரண்டடி பின்னால் போனார்.

"பாயில கிடத்து கா. நான் எடுக்கன்."

பச்சைப் பிள்ளையை அலுவலகத் தரையில் கிடத்தச் சொன்னால் எந்தத் தாய்க்குத்தான் பொறுக்கும்? நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். அக்கா படிவரைக்கும் பின்னால் வந்தார். பஸ்ஸில் எனக்கு அழுகை வந்தது. இந்த மனுசிக்கு நெஞ்சுக்குள் என்ன கல்லா இருக்கிறது என்று வீட்டில் எல்லாரிடமும் கேட்டேன்.

கல் இல்லை என்பது அவருடைய தங்கச்சி வந்த அன்றைக்குத் தெரிந்தது.

தங்கச்சி படுவான்கரையில் கலியாணம் முடித்தவர். அதுவும் அந்தக் கோபக்கார வட்டவிதானையின் வட்டையில்தான் அவர்களுக்கு வயல். பெரும்போகக் காலத்தில் புருசனும் அவரும் வயலுக்குள்ளேயே வாடி என்று சொல்லும் ஓலைக்குடில் அடித்துத் தங்கிவிடுவார்கள். ஆளைப் பார்த்தால் அக்காவுக்கு நேர் எதிர். சத்தமான சிரிப்பு, தொட்டுத் தொட்டுக் கதைப்பது. ஒரு காலை இழுத்து இழுத்து நடப்பார். முழங்காலுக்குக் கீழே தோல் சுருங்கி மினுங்கிக்கொண்டிருந்தது. அக்கா மத்தியானச் சாப்பாட்டை மேசையில் வைக்க, தங்கச்சி என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"உங்களுக்கும் இந்தப் பூசைதானா? இதெல்லாம் என்ட காலால வந்த."

"சும்மா இரி" என்றார் அக்கா.

"சோறு வடிச்ச பானை. அவ அடுப்படியில இருந்து தந்தா, நான் வாங்கின. நான் புடிச்சிட்டன் எண்டு அவ நினைச்சா. அவ இன்னும் விடல்ல எண்டு நான் நினைச்சன். ரெண்டு பேருக்கும் நடுவுல பானை ஆர்ர கையிலயும் இல்ல." தங்கச்சி சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தார். "ரெண்டு பேரிலயும் பிழை இல்ல. அம்மா அடிச்ச அடி மட்டும் இவக்கு."

அக்கா எழும்பிப் போய் யன்னலடியில் நின்றார். வாவிப் பக்கம் பார்த்தபடி நின்றவர் நாங்கள் சாப்பிட்டு முடியும்வரை திரும்பவில்லை. பாயில கிடத்து என்று சொன்னதன் பொருள் எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவருக்கு என் பிள்ளைமேல் பயமில்லை. எனக்கும் அவருக்கும் இடையில், யார் கையிலும் இல்லாத அந்தக் கணத்தின்மேல்தான் பயம்.

எங்கள் அலுவலகத்தின் பெரிய வேலை மாரியில்தான். குளம் நிறைந்து வான்கதவு திறந்தால் தண்ணீர் நேரே வட்டைகளுக்குள் பாயும். ரோட்டில் ஒலிபெருக்கி கட்டி அறிவிப்பார்கள். ஆனால் வயலுக்கு நடுவில் வாடியில் இருப்பவர்களுக்கு அது எட்டாது. குளத்தில் வேலை செய்கிறவர்களும் வட்டவிதானைமாரும் எங்களுக்குச் செய்தி அனுப்புவார்கள், நாங்கள் அந்தந்த வட்டைக்காரருக்கு ஒவ்வொருவராகப் போன் எடுத்துச் சொல்ல வேண்டும். விரல் தேயும். நாக்கு வறண்டுபோகும்.

அக்கா பின்னேர வகுப்பொன்றில் புரோகிராம் எழுதப் படிக்கத் தொடங்கினார். தொடக்க வகுப்புத்தான். சில மாதங்களில் எங்கள் பழைய கொம்பியூட்டரில் சிம் போட்ட இரண்டு டொங்கிளைச் செருகி ஒன்றை எழுதி முடித்தார். தன்னுடைய முறையில் எனக்கு விளங்கப்படுத்தினார்.

"இதுக்க ரெண்டு ஆள் இரிக்கு. திரெட் எண்டு சொல்றது. ஒரு ஆள் வாசல்ல நிண்டு வாற செய்திய வாங்கும். மத்த ஆள் உள்ளுக்க இருந்து அந்த வட்டையில உள்ள எல்லாருக்கும் அனுப்பும். ரெண்டு பேரும் ஒரே நேரத்தில வேலை செய்வாங்க. ஒருத்தருக்காக ஒருத்தர் நிக்கத் தேவயில்ல."

சோதித்துப் பார்ப்பதற்கு என்னை அனுப்பச் சொன்னார். நான்தான் அவசரக்குடுக்கையாயிற்றே. 'பசிக்குது' என்று ஒன்று, 'பணிஸ் வாங்குங்க' என்று ஒன்று, 'ஒண்டும் வேணாம்' என்று ஒன்று, மூச்சு விடாமல் தட்டினேன். அக்காவின் போனுக்கு முதலாவது வந்தது. பிறகு கடைசி வந்தது. பணிஸ் வரவில்லை.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அக்காவின் முகத்தில் இரத்தமே இல்லை.

"நடுவுல உள்ள எங்க?"

"பணிஸ்தானே அக்கா. போகட்டும்."

"நடுவுல உள்ள எங்க கா?"

பிறகு கண்டுபிடித்தார். வாசலில் நிற்பவர் செய்தியைக் கொண்டுபோய் ஒரே ஒரு இடத்தில் பிடித்துக்கொண்டு நிற்கிறார். உள்ளே இருப்பவர் முந்தியதை அனுப்பி முடித்துத் திரும்புவதற்குள் அடுத்த செய்தி வந்தால், பழையதை விட்டுவிட்டுப் புதியதைப் பிடிக்கிறார். விட்டது யார் கையிலும் இல்லை. பிழை என்று ஒரு எழுத்துக்கூடத் திரையில் வரவில்லை. சத்தமில்லாமல் போய்விட்டது.

"நான் ஆர்ர கையிலயும் ஒண்டும் குடுக்கிறல்ல. நான் எழுதினது மட்டும் கையில குடுத்திரிக்கு" என்றார்.

இரண்டு நாள் என்னோடு சரியாகக் கதைக்கவில்லை. பிறகு விறாந்தைக்குக் கூட்டிக்கொண்டு போய் வாங்கைக் காட்டினார். இரண்டு பேருக்கும் நடுவில் இப்போது இது இருக்கிறது என்றார். வாசலில் நிற்பவர் வருகிற செய்தியை இந்த நுனியில் குந்த வைத்துவிட்டுத் திரும்பிவிடுவார். உள்ளே இருப்பவர் அந்த நுனியில் இருந்து ஒவ்வொன்றாக அழைப்பார். ஒருத்தர் மடியில் ஒருத்தர் குந்த முடியாது. ஒருவரும் இல்லாவிட்டால் உள்ளே இருப்பவர் கண்ணை மூடிக்கொண்டு காத்திருப்பார், யாராவது வந்து குந்தினால் தானாக விழிப்பார். ஒன்றை முடித்ததும் 'முடிஞ்சுது' என்று சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் முடிஞ்சுது சொல்லப்படும்வரை புரோகிராம் கடையைச் சாத்தாது.

கியூ என்று இதற்குப் பெயராம். அக்கா தன் புரோகிராமில் அதற்கு வாங்கு என்றே பெயர் வைத்திருந்தார். நான் மறுபடி அவசரமாக மூன்று செய்தி தட்டினேன். மூன்றும் வரிசையாக வந்தன. அன்றைக்கு அக்கா எல்லாருக்கும் மீன் வைத்த மாலுபணிஸ் வாங்கி மேசையில் வைத்தார்.

அந்தக் கார்த்திகையில் தாழமுக்கம் வந்தது.

காலையிலிருந்தே வானம் கறுத்து, மத்தியானம் பொழுதுபட்டதுபோல் இருண்டுவிட்டது. பாலத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. பஸ்கள் நின்றுவிட்டதால் ஓட்டமாவடி நானா எங்கள் வாங்கில் முடங்கிக் கிடந்தார். கரண்ட் போனது. கொம்பியூட்டர் பற்றரியில் ஓடியது. அந்தப் பற்றரிப் பெட்டி கொஞ்ச நேரத்துக்கொரு முறை கீச்சிட்டது.

செய்திகள் வந்து குவிந்தன. 'இஞ்ச சரியான மழை', 'பஸ் போகுதா', 'வரம்பில யானை நிக்கி', 'தங்கமகன்ட மாட்டக் கண்டிங்களா'. அக்காவின் தொடக்கப் புரோகிராமுக்கு எது அவசரம், எது அலட்டல் என்று தெரியாது. எல்லாரையும் ஒரே வாங்கில் குந்த வைத்தது. வலையமைப்பு நெரிசலில் ஒரு செய்தி போவதற்கே ஒரு யுகம் எடுத்தது. ஒன்றும் தவறவில்லை. ஆனால் வாங்கு நீண்டுகொண்டே போனது.

அப்போதுதான் அது வந்தது. குளத்திலிருந்து. வான்கதவு எல்லாம் திறக்கப்போகிறார்கள், கீழ்வட்டையில் ஒருவரும் நிற்கக்கூடாது.

கீழ்வட்டை என்றால் தங்கச்சியின் வட்டை.

அந்தச் செய்தி வாங்கின் கடைசி நுனியில் குந்தியிருந்தது. அதற்கு முன்னால் மாட்டையும் பஸ்ஸையும் விசாரிக்கிறவர்கள் எத்தனையோ பேர். அக்கா தங்கச்சிக்குப் போன் எடுத்தார். போகவில்லை. புருசனுக்கு எடுத்தார். போகவில்லை. குறுஞ்செய்தி அனுப்பினார், அதுவும் போகவில்லை.

"நிப்பாட்டுங்க அக்கா! எல்லாத்தையும் அழிச்சிட்டு இத மட்டும் அனுப்புங்க!" என்று கத்தினேன்.

"அழிச்சா வாங்கில இரிக்கிற எல்லாரும் போயிருவாங்க." அவர் கண்ணைத் திரையை விட்டு எடுக்கவில்லை. "கதிரவெளியில கடல் ரோட்டுக்கு ஏறுதாம். மேல்வட்டையில கட்டு உடையப் போகுதாம், கட்டுக்குக் கீழ பதினஞ்சு வாடி இரிக்கி. அதெல்லாம் இதுக்க இரிக்கி கா."

பற்றரி தொடர்ந்து கீச்சிடத் தொடங்கியது. அது செத்தால் வாங்கும் அதில் குந்தியிருந்தவர்களும் அதோடு போய்விடுவார்கள். அக்கா பழைய கலண்டர்த் தாளைக் கிழித்தார். திரையில் பார்த்துப் பார்த்து, உயிர்ப் பிரச்சினையான செய்திகளை மட்டும் துண்டு துண்டாக எழுதி, வந்த வரிசையில் மேசையில் வைத்தார்.

"நானா, நீங்களும் வாங்க. ரெண்டு பேரும் முன்னுக்கு இரிக்கிற துண்டத்தான் எடுக்கணும். எடுத்தா எடுத்தன் எண்டு சொல்லணும். உங்கட போனால அனுப்பி, வட்டவிதானைக்குப் போனதும் முடிஞ்சுது எண்டு சொல்லணும். சொல்லாம ஒண்டும் செய்யாதிங்க."

"எடுத்தன் புள்ள" என்று நானா கதிரவெளித் துண்டை எடுத்துக்கொண்டு சிக்னல் தேடி யன்னலுக்கு ஓடினார்.

அடுத்தது மேல்வட்டை. அதற்கடுத்தது கீழ்வட்டை. நான் கீழ்வட்டைத் துண்டில் கை வைத்தேன். எனக்கு அந்த இழுத்து நடக்கும் கால் மட்டும்தான் கண்ணுக்குள் நின்றது.

என் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. இத்தனை வருடத்தில் அக்கா என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. ஐஸ் மாதிரிக் குளிர்ந்திருந்தது.

"அதுக்கு முன்னுக்கு ஒண்டு இரிக்கி."

"உங்கட தங்கச்சி அக்கா!"

"தெரியும். மேல்வட்டையிலயும் ஆர்ரயோ தங்கச்சி இரிக்கி. நீ அத விட்டிட்டு இத எடுத்தா, அத நானா எடுத்திருப்பார் எண்டு நீ நினைப்பா, நீ எடுத்த எண்டு நானா நினைப்பார். எடு கா. கெதியா எடு."

அவரை அடிக்கலாம்போல் இருந்தது. மேல்வட்டையை எடுத்தேன். "எடுத்தன்!" என்று அந்த மாடியே அதிரக் கத்தினேன். போனில் செய்தியை அடித்தேன், போகவில்லை. மறுபடி அடித்தேன். இதற்குள் நானா "முடிஞ்சுது" என்று ஓடிவந்து, கீழ்வட்டைத் துண்டைத் தூக்கி, "எடுத்தன் புள்ள" என்றார். என்னுடையது போனது. "முடிஞ்சுது" என்றேன்.

நானா யன்னலுக்கு வெளியே மழைக்குள் போன் பிடித்த கையை நீட்டிக்கொண்டு நின்றார். தொப்பி நனைந்து தாடியில் தண்ணீர் வழிந்தது. உதடு ஏதோ ஓதிக்கொண்டிருந்தது. கடைசியில் கையை உள்ளே எடுத்தார்.

"போயிட்டு."

"முடிஞ்சுதா நானா?"

"போயிட்டு புள்ள. பதில் வரல்ல."

இன்னும் சில துண்டுகள் வந்தன. எடுத்தோம், முடித்தோம். திரை கறுத்தது. பற்றரியின் கீச்சொலி நின்றதும் மழைச்சத்தம் இரண்டு மடங்காகக் கேட்டது. மேசையில் ஒரு துண்டும் இல்லை. எல்லா வட்டவிதானைமாரும் கிடைத்தது என்று பதில் போட்டுவிட்டார்கள், ஒருவரைத் தவிர.

"எல்லாம் முடிஞ்சுது அக்கா" என்றேன், எனக்கே நம்பிக்கை இல்லாமல்.

"வெச்சது முடிஞ்சுது. எடுத்தாங்களா?"

விறாந்தைக்குப் போய் வாங்கின் நுனியில் குந்திக்கொண்டார். நானும் பக்கத்தில் குந்தினேன். அந்த வட்டவிதானை வேண்டுமென்றே பதில் போடாமல் இருக்கிறாரோ என்று ஒரு பாழான எண்ணம் வந்தது. படாரென்று மேசையில் அடித்து 'எடுத்தாச்சா' என்று கேட்கும் அந்த முகத்தை நினைத்துப் பல்லைக் கடித்தேன். நானா படிக்கட்டில் நின்றுகொண்டு தண்ணீர் ரோட்டில் எதுவரை ஏறிவிட்டதென்று பார்த்தார். மழை கொஞ்சம் தணிந்து, மறுபடி பிடித்தது.

என்னுடைய போன் அடித்தது. தெரியாத இலக்கம்.

"புள்ள, நான்தான். கீழ்வட்டை வட்டவிதானை." மூச்சு வாங்கியது. "என்ட போன் நனைஞ்சு செத்திட்டு. பொடியன் ஒருத்தன்ட போனில கதைக்கன். உங்கட செய்தி வந்த உடனே எல்லாரையும் கிளப்பிட்டன். பள்ளிக்கூட மேட்டில நிக்கம். இப்பதான் தண்ணி வந்து வாடியெல்லாம் அள்ளிக்கொண்டு போகுது."

"அக்காட தங்கச்சி?"

"அதத்தான் சொல்ல வாறன். வாய்க்காலுக்க நெஞ்சளவு தண்ணி, இழுவையும் கூட. ஆம்புளையள் வரிசையா நிண்டு பிள்ளையளக் கைமாத்திக் கைமாத்தித்தான் கடத்தின. அந்தப் புள்ளைக்குக் கால் ஏலாதே, அவவையும் அப்பிடித்தான் தூக்கின. அவ ஒருத்தனையும் விடல்ல. கழுத்தப் புடிச்சிக்கொண்டு ஒரே சத்தம். 'வாங்கிறவன் புடிச்சிட்டன் எண்டு சொல்லு, அதுக்குப் புறகுதான் குடுக்கிறவன் விடணும்' எண்டு. மறுகா நாங்க எல்லாரும் அப்பிடியே சொல்லிச் சொல்லித்தான் கடத்தின. புடிச்சிட்டன் விடு, புடிச்சிட்டன் விடு எண்டு. இல்லாட்டி அந்த இழுவைக்கு ஒரு பச்சப்புள்ள போயிருக்கும் புள்ள, உண்மையாத்தான் சொல்றன்." கொஞ்சம் நிறுத்தினார். "அந்த அக்காட்டச் சொல்லுங்க, எடுத்தாச்சு எண்டு."

பின்னால் தங்கச்சியின் குரல் கேட்டது, வழக்கம்போல் சத்தமாக, போனைத் தாங்க போனைத் தாங்க என்று.

நான் திரும்பினேன். அக்கா வாங்கை விட்டு எழும்பி நின்றார். என் முகத்திலிருந்தே விசயம் தெரிந்திருக்க வேண்டும். பழக்கதோசத்தில் நான் போனை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில், வாங்கின்மேல் வைத்தேன். வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டேன்.

அக்கா குனியவில்லை. கையை நீட்டினார். உள்ளங்கையை விரித்து, என் பக்கமாக.

நான் போனை எடுத்து அந்தக் கையில் வைத்தேன். அவருடைய விரல்கள் மூடின.

"புடிச்சிட்டன்" என்றார். "விடு கா."

எனக்குத்தான் விடுவதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது.